கானங்கோழியின் கழுத்திறகு

பிரித்தானியத் தீவுகளின் ஆறுகளில் பிறந்து, கடலுக்குச் சென்று வளர்ந்து, முட்டையிட ஆற்றுக்கே மீளும் மீனைக் கடல் ட்ரௌட் என்பர். 1758இல் லின்னேயஸ் இதனையும் ஆற்றிலேயே தங்கிவிடும் பழுப்பு ட்ரௌட்டையும் வெவ்வேறு இனங்களாகப் பெயரிட்டார். இரண்டும் ஓரினமே என்பது பின்னர்த் தெளிவாயிற்று. பகலில் ஒரு நிழல் அசைந்தாலும் மிரளும் மீன். ஆதலால் கோடையிரவுகளில், இருள் நன்கு கவிந்த பிறகே தூண்டிற்காரர் நீரில் இறங்குவர். ஆற்றுக்குத் திரும்பிய பின் இம்மீன் பெரிதும் இரை தேடுவதுமில்லை. பசியற்ற மீனைக் கவ்வ வைக்க வேண்டும். இறகால் 'ஈ' கட்டும் கலைக்கு இங்கேதான் வேலை.

ஈ என்பது பெயரளவில்தான்; பல கட்டுகள் சிறுமீனையே ஒத்திருக்கும். முள்ளை இடுக்கியில் பொருத்தி, மெழுகு தடவிய பட்டு நூலால் தண்டைச் சுற்றி, அதன்மேல் வெள்ளிச் சரிகை வரிந்து உடலாக்குவர். தொண்டைக்கு நீலச் சாயமேற்றிய கோழியிறகு. சிறகுக்குக் கிளுவை வாத்தின் விலாவிறகு. தலையில் நூலை முடிந்து வார்னிஷ் தொட்டு வைத்தால் ஈ ஆயிற்று. சிலர் இருபுறமும் கன்னம்போல் இன்னோர் இறகையும் சேர்ப்பர். அதன் நுனியில் மெழுகை வார்த்தாற்போல் பளபளக்கும் வெளிர்மஞ்சள் புள்ளி ஒன்றுண்டு. நீரில் அது மீனின் கண்ணாகத் தோன்றும் என்பது அவர்தம் நம்பிக்கை.

அவ்விறகு நம் மலைகளிலிருந்து சென்றது. இந்தியத் தீபகற்பத்துக்கே உரிய சாம்பல் காட்டுக்கோழிச் சேவலின் கழுத்திறகு அது. தென்னிந்தியாவில் பயணம் செய்த பிரெஞ்சு இயற்கையியலாளர் சோனராவின் பெயரை 1813இல் டெம்மிங்க் அப்பறவைக்குச் சூட்டினார். ஆனால் குறுந்தொகையின் 242ஆம் பாடல் கானங்கோழிச் சேவலின் கழுத்தில் ஒளிரும் புள்ளிகளை அதற்கு நெடுங்காலம் முன்பே கண்டு சொல்லிவிட்டது. அக்கழுத்தில் மழைத்துளி விழுவதைக் கண்ட புலவர், அதே கழுத்து ஒருநாள் ஸ்காட்லாந்து ஆற்றில் மூழ்கும் என எண்ணியிருக்க மாட்டார்!

பேரரசின் கப்பல்கள் உலகின் இறகுகளையெல்லாம் இலண்டனில் குவித்த காலம் அது. 1895இல் வெளியான ஜார்ஜ் கெல்சனின் சால்மன் ஈ நூலில் கானங்கோழி இறகு மீண்டும் மீண்டும் வருகிறது. பறவைகளைப் பேரளவில் அழித்தது தூண்டில் அன்று, சீமாட்டிகளின் தொப்பியே என்பதையும் நாம் நேர்மையாகச் சொல்ல வேண்டும். 1902இல் இந்திய அரசு பறவைத் தோல், இறகு ஏற்றுமதியைத் தடுத்தது. 1921இல் பிரிட்டன் இறகு இறக்குமதித் தடைச் சட்டம் இயற்றியது. 1972இன் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் கானங்கோழிக்கும் காவலாயிற்று.

இவ்வளவும் அந்த மீனுக்குத் தேவைதானா? இரவுத் தூண்டிலை ஒரு கல்வியாகவே ஆக்கிய ஹியூ ஃபால்கஸ், 1962இல் கடல் ட்ரௌட் பற்றி நூலெழுதியவர். அவருடைய புகழ்பெற்ற 'மெடிசின்' என்னும் ஈயில் வெள்ளி நிறத் தண்டு, நீல இறகு, வாத்திறகு, இவ்வளவே, கானங்கோழி இல்லை. மீன் அதைத் தேடியதாகவும் தெரியவில்லை. கண் வேண்டியிருந்தது கட்டுபவருக்குத்தான் என்பது நம் எண்ணம்.

இன்று அந்நாடுகளில் இறகுக்கென்றே கானங்கோழிகள் கூண்டில் வளர்க்கப்படுகின்றன. பிளாஸ்டிக் கண்களும் விற்பனைக்கு உண்டு. ஆயினும் 2009இல் இங்கிலாந்தின் ட்ரிங் அருங்காட்சியகத்திலிருந்து 299 பறவைத் தோல்கள் களவு போயின. திருடியவர் ஈ கட்டுவதில் தேர்ந்த இளைஞர். வாங்கியோரும் அக்கலையின் அன்பர்களே.