அறிவை அளந்தவர்கள்: மூக்களவு முதல் நீட் வரை



மறைந்த நம் ஆசிரியரின் நினைவுரையில் இலக்கியம் பேசுவதுதான் மன்றத்தின் வழக்கம். இந்த ஆண்டு புள்ளியியல் பேசப் போகிறோம். கணக்கு வாத்தியாராக இருந்தவர், கோபித்துக்கொள்ள மாட்டார்.

கோவளத்தில் அவர் தொடங்கிய மாலைப் பள்ளியில் குப்பத்துப் பிள்ளைகளும் சேரிப் பிள்ளைகளும் ஒன்றாக உட்கார்ந்து படிக்கிறார்கள். சில ஆண்டுகளுக்கு முன் அங்கே ஓர் அறிவுத்திறன் பயிற்சிப் புத்தகம் வாங்கி வைத்தோம். அதில் ஒரு கேள்வி: கப்பல், படகு, கட்டுமரம், வலை, இவற்றுள் சேராதது எது? புத்தகத்தின் விடை வலை. மற்ற மூன்றும் மிதப்பவை. ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி கப்பல் என்றாள். ஏன் என்று கேட்டோம். "மத்த மூணும் எங்க தெருவுல இருக்கு சார். கப்பல் வந்தா வலை அறுந்துடும்" என்றாள். புத்தகத்தின்படி அவளுக்கு சுழியம். அவள் பிரித்த முறையில் என்ன பிழை என்று எங்களால் சொல்ல முடியவில்லை.

இந்த சுழியத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அதில் நம் மாவட்டத்துக்காரர் ஒருவருக்கும் இடமுண்டு.

1893 ஜூனில் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் மக்களவை ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. லண்டனில் மட்டும் நடந்துவந்த ஐ.சி.எஸ். தேர்வை இந்தியாவிலும் ஒரே நேரத்தில் நடத்த வேண்டும் என்பது தீர்மானம். காங்கிரஸ் வரவேற்றது. மதுராந்தகத்தை அடுத்த கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் எதிர்த்தார். அதே ஆண்டில்தான் அவர் 'பறையன்' இதழைத் தொடங்கியிருந்தார். சென்னையில் கூட்டம் கூட்டி, 3412 பேரிடம் கையொப்பம் வாங்கி, 112 அடி நீள மனுவை நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார். தேர்வு இங்கே நடந்தால், தலைமுறை தலைமுறையாகக் கல்வியைத் தம்மிடம் வைத்திருந்த சாதியாரே அதிகாரிகளாக வருவார்கள். வந்தால் நம் மக்களை மேலும் நசுக்குவார்கள் என்பது மனுவின் சாரம். வெள்ளையனுக்கு வால்பிடித்த செயல் என்று இதை இன்றும் எழுதுகிறவர்கள் உண்டு. எல்லோருக்கும் ஒரே கேள்வித்தாள் கொடுத்துவிட்டால் போட்டி சமமாகிவிடும் என்ற வாதத்தை இந்நாட்டில் முதலில் சந்தேகித்தவர்களில் ஒருவராகவே நாம் அவரைப் படிக்கிறோம். ஐ.சி.எஸ். தேர்வு இந்தியாவில் நடக்கத் தொடங்கியது 1922-இல்தான்.

மனு கப்பலேறிய காலத்தில் எழும்பூர் அருங்காட்சியகத்தில் வேறொரு வேலை நடந்துகொண்டிருந்தது. அதன் கண்காணிப்பாளர் எட்கர் தர்ஸ்டன் சாதி சாதியாக ஆட்களின் தலையையும் மூக்கையும் அளந்து குறித்துக்கொண்டிருந்தார். சாதி உயர உயர மூக்கு ஒடுங்குகிறது என்று 1891-இல் வடக்கே ரிஸ்லி சொல்லியிருந்தார். இதைக் கேலி செய்துவிட்டுப் போவது எளிது. அம்பேத்கர் அப்படிச் செய்யவில்லை. 1948-இல் வெளிவந்த 'தீண்டப்படாதவர்கள்' நூலில் அதே மூக்களவு எண்களை எடுத்து அடுக்கி, பிராமணரும் தீண்டப்படாதவரும் ஒரே இனத்தார் என்றுதான் இந்த எண்கள் காட்டுகின்றன என்று திருப்பி வைத்தார். சமூகவியல் படிக்க வந்த மாணவர்கள் அந்தப் பக்கங்களைக் கட்டாயம் வாசிக்க வேண்டும்.

மூக்கு கைவிட்ட பிறகு மூளைக்கு வந்தார்கள். 1905-இல் பாரிஸில் ஆல்ஃபிரட் பினே நுண்ணறிவுச் சோதனையை உருவாக்கியது, பள்ளியில் கூடுதல் உதவி தேவைப்படும் பிள்ளைகளைக் கண்டறிய. அது அமெரிக்கா போய்ச் சேர்ந்ததும் பிறவித் தகுதியின் அளவுகோலாக மாறியது. கார்ல் பிரிகம் 1923-இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகப் பதிப்பகம் வழியாக வெளியிட்ட நூலில், ராணுவச் சோதனை மதிப்பெண்களை வைத்து ஐரோப்பிய இனங்களை மேல் கீழாக வரிசைப்படுத்தினார். 1926-இல் சாட் என்னும் கல்லூரி நுழைவுத்தேர்வை வடிவமைத்தவரும் அவரே. 1930-இல் தன் இன ஒப்பீட்டுக்கு அடிப்படையே இல்லை என்று அவரே எழுதினார். தேர்வு மட்டும் நின்றுவிட்டது. அதே பதிப்பகம் 1929-இல் ஹெர்பர்ட் ரைஸ் என்பவரின் ஹிந்துஸ்தானி பினே அளவுகோலை வெளியிட்டது. இந்தியப் பிள்ளைகளுக்காக உருவான தொடக்ககாலச் சோதனைகளில் ஒன்று அது. பஞ்சாபின் சில சாதிகளின் நுண்ணறிவை ஒப்பிடும் நூல் என்று அதன் தலைப்பிலேயே இருக்கிறது. சோதனை பிறக்கும்போதே சாதியோடு பிறந்தது என்று நாம் சொன்னால் மிகையாகாது.

இனி கணக்கு. நுண்ணறிவு ஈவு எனப்படும் ஐக்யூவில் சராசரியை 100 என்றும் திட்டவிலக்கத்தை 15 என்றும் வைத்துக்கொள்கிறார்கள். மணி வடிவ வளைகோட்டின்படி 130-க்கு மேல் நூற்றுக்கு 2 பேருக்குச் சற்றுக் கூடுதலாக வருவார்கள். 145-க்கு மேல் சுமார் 740 பேருக்கு ஒருவர். 160-க்கு மேல் சுமார் 31,500 பேருக்கு ஒருவர். 175-க்கு மேல் ஏறக்குறைய 35 லட்சம் பேருக்கு ஒருவர். இப்போது ஆயிரம் பிள்ளைகளை வைத்து ஒரு சோதனையைத் தரப்படுத்துகிறோம் என்று கொள்ளுங்கள். அந்த மாதிரியில் 145-ஐத் தாண்டுகிறவர் ஒருவர் இருக்கலாம். 160-ஐத் தொடுகிறவர் இருக்க வாய்ப்பே குறைவு. பிறகு 160, 170 என்ற எண்கள் எங்கிருந்து வருகின்றன? வளைகோட்டைக் கையால் நீட்டி வரைந்து எடுக்கிறார்கள். உச்ச அறிவை அளப்பதற்கென்றே செய்யப்படும் சோதனைகளின் சிக்கல் இதுதான். எழுதுகிறவர்கள் தாமாக முன்வரும் சில நூறு பேர். மேல்மட்டத்தில் ஒருவரை இன்னொருவரிடமிருந்து பிரிப்பவை நாலைந்து கேள்விகள். ஒன்றை ஊகித்துச் சரியாகப் போட்டால் ஆள் பல படி ஏறிவிடுவார். லெட்டா ஹாலிங்வொர்த் 180-க்கு மேற்பட்ட ஐக்யூ பிள்ளைகள் பற்றி எழுதிய நூல் 1942-இல் வந்தது; அதற்குக் கிடைத்தவர்கள் 12 பேர். உலகின் மிக உயர்ந்த ஐக்யூ என்ற பகுதியை கின்னஸ் புத்தகமே 1990-இல் எடுத்துவிட்டது.

1921-இல் லூயிஸ் டெர்மன் கலிபோர்னியாவில் ஐக்யூ மிகுந்த பிள்ளைகளைத் தேடி 1500-க்கும் மேற்பட்டோரைத் தேர்ந்தார். சோதிக்கப்பட்டு அந்தப் பட்டியலுக்குள் வராமல் போனவர்களில் வில்லியம் ஷாக்லி ஒருவர், லூயிஸ் ஆல்வரெஸ் இன்னொருவர். 1956-இல் ஷாக்லிக்கும் 1968-இல் ஆல்வரெஸுக்கும் இயற்பியல் நோபல் கிடைத்தது. தேர்வான எவருக்கும் நோபல் கிடைக்கவில்லை. இதில் வேடிக்கை, சோதனையால் விலக்கப்பட்ட அதே ஷாக்லி பிற்காலத்தில் ஐக்யூ குறைந்தவர்களுக்குக் காசு கொடுத்துக் கருத்தடை செய்ய வேண்டும் என்று ஊர் ஊராகப் பேசினார்.

நமக்கு நெருக்கமான ஆய்வு ஒன்று உத்தரப்பிரதேசக் கிராமங்களில் நடந்தது. கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே இருவரும் 321 உயர்சாதி மாணவர்களிடமும் 321 தாழ்த்தப்பட்ட சாதி மாணவர்களிடமும் வழி கண்டுபிடிக்கும் புதிர்த்தாள்களைக் கொடுத்தார்கள். போடும் புதிருக்குக் காசு உண்டு. யார் என்ன சாதி என்று சொல்லாதபோது இரு தரப்புக்கும் வேறுபாடு இல்லை. எல்லோர் முன்னிலையிலும் பெயரையும் சாதியையும் அறிவித்த பிறகு நம் பிள்ளைகள் போட்ட புதிர்கள் குறைந்தன. பரிசை மனிதர்கள் தீர்மானிக்காமல் குலுக்கல் தீர்மானிக்கும் என்றபோது அந்த இடைவெளி மறைந்தது. 2004-இல் இந்த ஆய்வறிக்கை வந்தது. நாம் அடிக்கடி திரும்பிப் படிப்பது அந்தக் குலுக்கல் பகுதியைத்தான். பிள்ளைகளின் மூளையில் எதுவும் மாறவில்லை. எதிரே இருப்பவர் நியாயமாக நடப்பாரா என்ற எதிர்பார்ப்பு மட்டும் மாறியது. வகுப்பறையில் எழுந்து நின்று உதவித்தொகைப் பட்டியலுக்காகச் சாதியைச் சொன்ன அனுபவம் இந்த அரங்கில் எத்தனை பேருக்கு இருக்கும்? கை தூக்கச் சொல்லவில்லை.

நீட் ஐக்யூ சோதனை ஆகாது, பாடத்தேர்வு என்பார்கள். சரி. ஆனால் லட்சக்கணக்கானவர்களை ஒரே கோட்டில் நிறுத்தி, உச்சியில் உள்ள சிறு வேறுபாட்டைத் தகுதி என்று அழைக்கும் வேலையை அதுவும் செய்கிறது. 2024-இல் 23 லட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதினார்கள். முதலில் 67 பேர் 720-க்கு 720. கருணை மதிப்பெண்ணைத் திரும்பப் பெற்றதும் 61. இயற்பியலில் ஒரே ஒரு கேள்விக்கு இரண்டு விடைகளை ஏற்றதால் மேலே போனவர்கள் அவர்களில் 44 பேர். ஒரு விடைதான் சரி என்று முடிவானதும் சரியான விடைக்குரிய 4 போய், தவறுக்கு 1 கழிந்து, அவர்கள் 715-க்கு இறங்கினார்கள். மிஞ்சியவர்கள் 17 பேர். ஒரு கேள்வியின் விடை மாறியதில் நாட்டின் முதலிடம் 61 பேரிலிருந்து 17 பேராகச் சுருங்கியது. 44 பேரின் அறிவு ஒரே நாளில் குறைந்துவிட்டது என்று எவரும் சொல்லவில்லை. நம் பிள்ளைகள் ஐந்து மதிப்பெண்ணில் இடம் இழக்கும்போது மட்டும் தகுதி இல்லை என்கிறார்கள்.

இதை அரியலூர் குழுமூர் அனிதாவை நினைக்காமல் பேச முடியாது. பன்னிரண்டாம் வகுப்பில் 1200-க்கு 1176. நீட்டில் 720-க்கு 86. உச்ச நீதிமன்றம் வரை போய்க் கேட்டார். 2017 செப்டம்பர் 1 அன்று அவரை இழந்தோம். ஒரே பெண், ஓர் ஆண்டுக்குள், இரண்டு அளவுகோல். இரண்டில் ஒன்றைத்தான் அறிவின் அளவு என்று அரசு ஏற்றது. 2021-இல் நீதியரசர் ஏ.கே.ராஜன் குழு தந்த அறிக்கையைப் பாருங்கள். தமிழகத்தில் மருத்துவ இடம் பெற்றவர்களில் மறுமுறை எழுதியவர்கள் 2016-17-இல் நூற்றுக்கு 12 அளவில் இருந்தார்கள், 2020-21-இல் 71. ஓர் ஆண்டு வேலைக்குப் போகாமல் பயிற்சிக் கட்டணம் கட்டி வீட்டில் இருக்க எந்தக் குடும்பத்தால் முடியும் என்பதையும் சேர்த்துத்தான் அந்தத் தேர்வு அளக்கிறது.

எண்களைத் தூக்கி எறியச் சொல்லி நாம் இங்கே வரவில்லை. நம் எண்களை நாமே திரட்டப் போகிறோம். கேளம்பாக்கம் முதல் மாமல்லபுரம் வரை, 2017-க்குப் பிறகு நீட் எழுதிய நம் பிள்ளைகளின் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண், நீட் மதிப்பெண், பயிற்று மொழி, எத்தனையாவது முறை, பயிற்சிக்குக் கட்டிய தொகை, இந்த ஐந்தையும் ஒரே அட்டவணையில் கொண்டுவரும் வேலை மாலைப் பள்ளியில் தொடங்கியிருக்கிறது. பெயர் எழுதத் தேவையில்லை. அசல் சான்றிதழைக் கொண்டுவர வேண்டாம், நகல் போதும். ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணிக்கு மேல் யாராவது ஒருவர் அங்கே இருப்போம்.