அனுசரித்துப் போ!

எங்கள் செஞ்சியிலிருந்து ஹாஸ்டலுக்குப் போகும் பையனிடம் வீட்டில் சொல்வது இதுதான்: "சீனியர் சொன்னால் அனுசரித்துப் போப்பா." அது எங்கே கொண்டுபோய் விடும் என்று சிதம்பரம் காட்டியது.

1996 நவம்பரில் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி முதலாமாண்டு மாணவர் நாவரசுவை, ராகிங் செய்த சீனியர் ஒருவர் கொன்றார். நாவரசுவின் அப்பா சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்தவர். அவர் பிள்ளைக்கே இந்தக் கதி! 1998-ல் ஆயுள் தண்டனை, 2001-ல் உயர்நீதிமன்றத்தில் விடுதலை, 2011-ல் உச்சநீதிமன்றத்தில் மீண்டும் தண்டனை.

இதற்கிடையே 1997-ல் தமிழக ராகிங் தடைச் சட்டம் வந்தது. 2 ஆண்டு வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம். காமர்ஸ் படிக்கும் எனக்குப் பிடித்தது இன்னொரு பிரிவு: புகார் வந்தும் சும்மா இருந்த கல்லூரித் தலைவரும் குற்றத்துக்கு உடந்தை. கணக்கில் ஓட்டை என்றால் கையெழுத்துப் போட்டவரையும் கேட்பார்களே, அந்த மாதிரி.