தியாகராய நகர் கடை ஊழியர்: பணியிட நலமும் பாதுகாப்பும்

சென்னை தியாகராய நகரின் கடைத்தெருக்களில் ஊழியரை அச்சுறுத்தும் ஆபத்துகள் இரண்டு வகை. ஒன்று மெல்ல வருவது: காலை முதல் இரவு வரை நின்றபடியே வேலை செய்வதால் காலிலும் இடுப்பிலும் சேரும் நோய். மற்றது சில நிமிடங்களில் வந்துவிடுவது: துணியும் அட்டைப் பெட்டியும் அடைந்த பல மாடிக் கட்டடத்தில் பற்றும் தீ. ஆலைத் தொழிலாளியின் பாதுகாப்பை இந்தியச் சட்டம் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே கவனிக்கத் தொடங்கியது. கடை ஊழியரின் முறை வர நெடுங்காலம் ஆயிற்று. இயந்திரம் இல்லாத இடத்தில் ஆபத்து இருக்காது என்ற எண்ணமே அதற்குக் காரணம். தி. நகரின் வரலாறு அந்த எண்ணம் தவறு என்று காட்டுகிறது.

மாம்பலத்தை ஒட்டிப் பரந்திருந்த நீண்ட ஏரியைத் தூர்த்து 1920களில் உருவாக்கப்பட்ட குடியிருப்பு இது. நீதிக்கட்சித் தலைவர் பிட்டி தியாகராய செட்டியின் பெயரைப் பெற்றது. நடுவில் பனகல் பூங்கா, சுற்றிலும் தனி வீடுகள், அவற்றுக்கேற்ற அகலத்தில் தெருக்கள் என்று வகுக்கப்பட்ட நகர் அது. பேரங்காடிகளுக்காக யாரும் திட்டமிடவில்லை. 1928இல் நல்லி பட்டுக்கடை இங்கே தொடங்கியது. 1931இல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியபின், மாம்பலம் நிலையத்திலிருந்து உஸ்மான் சாலைக்குப் போகும் குறுகிய வழியான ரங்கநாதன் தெரு மெல்ல மெல்லக் கடைத்தெருவாயிற்று. 1970களுக்குப் பிறகு தென்மாவட்டங்களிலிருந்து வந்த வணிகர்கள் ஒரே கூரையின் கீழ் எல்லாப் பொருளையும் விற்கும் கடைகளை இங்கே வளர்த்தார்கள். வேலைக்கும் தம் ஊர்ப்பக்கத்து இளைஞர்களையும் பெண்களையும் அழைத்து வந்தார்கள். சம்பளத்தோடு சாப்பாடும் தங்குமிடமும் என்ற ஏற்பாடு அப்படி நிலைத்தது. பின்னாளில் வட மாநிலங்களிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வந்தவர்கள் இந்த வரிசையில் சேர்ந்தார்கள்.

சென்னை மாகாணத்தில் கடைகளுக்கான முதல் முழுமையான சட்டம் 1947ஆம் ஆண்டின் சென்னைக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம். பம்பாய் மாகாணம் 1939இலேயே இத்தகைய சட்டம் ஒன்றை இயற்றியிருந்தது. நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று சென்னைச் சட்டம் வேலைக்கு வரம்பு கட்டியது. தொடர்ந்து 4 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்க வேண்டுமானால் இடையில் ஒரு மணி நேர ஓய்வு தர வேண்டும். ஓய்வையும் சேர்த்து, வேலை தொடங்குவதற்கும் முடிவதற்கும் இடையே 12 மணி நேரத்துக்கு மேல் போகக்கூடாது. தூய்மை, காற்றோட்டம், வெளிச்சம், தீத்தடுப்பு ஆகியவற்றுக்கென ஓர் அத்தியாயமே இருந்தது. காலத்தை வைத்துப் பார்த்தால் நல்ல சட்டம்தான். ஆனால் அதை எழுதியவர்கள் மனத்தில் இருந்தது முதலாளியே கல்லாவில் உட்கார்ந்து நாலைந்து பேரை வைத்து நடத்தும் ஒற்றைத் தளக் கடை. நூற்றுக்கணக்கானோர் வேலை செய்யும் ஏழு மாடிக் கடையை அவர்கள் கண்டதில்லை.

அடுத்த ஆண்டே வந்தது 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம். நின்று வேலை செய்ய வேண்டியவர்கள் இடையில் வாய்ப்புக் கிடைக்கும்போது உட்காருவதற்குத் தகுந்த இருக்கை வேண்டும் என்று அதன் 44ஆம் பிரிவு கூறியது. அந்த உரிமை கடைப் பணியாளருக்குத் தரப்படவில்லை. பிரிட்டனில் நிலைமை வேறு. அங்கே 1899இலேயே கடைப் பெண்களுக்கான இருக்கைச் சட்டம் இயற்றப்பட்டு, மூன்று பெண் ஊழியருக்கு ஓர் இருக்கை என்று கணக்கும் சொல்லப்பட்டிருந்தது.

சட்டத்தை நடைமுறைப்படுத்தும் அமைப்பிலும் இதே பிளவு உண்டு. தொழிற்சாலைகளைப் பார்வையிடுவதற்குப் பொறியியல் படித்த ஆய்வாளர்களைக் கொண்ட தனி இயக்ககம் இருக்கிறது. அதுவே இன்று தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம். அடையாற்றை அடுத்து, சர்தார் பட்டேல் சாலையில் மத்திய அரசின் மண்டலத் தொழிலாளர் நிலையம் பாதுகாப்புப் பயிற்சியும் ஆய்வும் நடத்துகிறது. இவை இரண்டும் பெரும்பாலும் ஆலைகளையும் துறைமுகங்களையும் நோக்கியவை. கடைகளோ தேனாம்பேட்டையில் தலைமை அலுவலகம் கொண்ட தொழிலாளர் துறையின் பொறுப்பு. கடைக்குள் வரும் ஆய்வாளரே குறைந்தபட்சக் கூலியையும், குழந்தைத் தொழிலாளர் உண்டா என்பதையும், தராசின் முத்திரையையும், பொட்டலத்தில் அச்சிட்ட விலையையும் பார்க்க வேண்டியவர். மாடிப்படியில் துணிமூட்டை அடுக்கியிருப்பதையும் அவசர வழிக் கதவு பூட்டியிருப்பதையும் கண்டு, அதன் விளைவைக் கணக்கிடுவது அவருக்குத் தரப்பட்ட பயிற்சியில் முதன்மையானது அன்று.

நின்றுகொண்டே இருப்பது உடலை எப்படிப் பாதிக்கிறது என்பது மருத்துவத்தில் நன்கு அறியப்பட்ட செய்தி. காலிலிருந்து இதயத்துக்கு இரத்தம் மேலேறுவதற்குக் கெண்டைக்கால் தசை சுருங்கி விரிவது உதவுகிறது. நடக்கும்போது இது தானாக நடக்கும். ஒரே இடத்தில் நிற்கும்போது தசை அசைவதில்லை. இரத்தம் கீழேயே தேங்குகிறது. நாளங்களுக்குள் இருக்கும் சிறு அடைப்பிதழ்கள் தளர்ந்து, நாளங்கள் புடைத்துச் சுருண்டுகொள்கின்றன. மருத்துவமனையில் ‘வெரிக்கோஸ்’ என்று எழுதப்படுவதும், ஊரில் நரம்பு சுருட்டிக்கொண்டது என்று சொல்லப்படுவதும் இதுவே. கால் வீக்கம், குதிகால் வலி, இடுப்புவலி ஆகியவை கூடவே வருகின்றன. கர்ப்பிணிகளுக்கு இது இன்னும் கடினம். கழிப்பறை கீழ்த்தளத்திலோ மேல்மாடியிலோ இருக்க, சூப்பர்வைசரிடம் கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்ற நிலையில் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள். சிறுநீர்ப்பாதைத் தொற்றும் சிறுநீரகக் கல்லும் அதன் தொடர்ச்சி. இவற்றில் எதுவும் விபத்துப் பதிவேட்டில் ஏறாது. சில ஆண்டுகள் வேலை செய்து, திருமணத்துக்கென்று ஊர் திரும்பும் பெண் அந்த வலியையும் தன்னோடு கொண்டுபோகிறாள். ஆகையால் கடையின் கணக்கில் நோய் இல்லை.

மருத்துவக் காப்பீடு இங்கே ஓரளவு துணைநின்றது. தொழிலாளர் அரசு காப்பீட்டுச் (ஈ.எஸ்.ஐ.) சட்டம் 1948இல் ஆலைகளுக்காக வந்து, பின்னர் மாநில அரசின் அறிவிக்கைகள் வழியாகக் கடைகளுக்கும் நீட்டிக்கப்பட்டது. பக்கத்துக் கே.கே. நகரில் உள்ள ஈ.எஸ்.ஐ. மருத்துவமனை தி. நகர் ஊழியருக்கு எட்டும் தூரம். அட்டை கையில் இருந்தால்தான் பயன். முதலாளி பதிவு செய்தால்தான் அட்டை.

தீயின் கதை வேறு. நகரின் பெரிய வணிகத் தீவிபத்துகள் முதலில் தி. நகருக்கு வெளியேதான் நிகழ்ந்தன: 1975இல் அண்ணா சாலை எல்.ஐ.சி. கட்டடம், 1983இல் ஸ்பென்சர், 1985இல் மூர் மார்க்கெட். 1985இல் தமிழ்நாடு தீயணைப்புப் பணிகள் சட்டம் வந்தது. அதே காலத்தில்தான் தி. நகரின் வீட்டுமனைகள் மாடி மாடியாக உயர்ந்தன. கட்டடத்துக்கும் கட்டடத்துக்கும் இடையே விடவேண்டிய வெளி விழுங்கப்பட்டது. வண்டி நிறுத்துவதற்கென அனுமதி வாங்கிய கீழ்த்தளம் குடோன் ஆயிற்று. மொட்டைமாடியில் சமையல்கூடம் வந்தது. விதிமீறிய கட்டடங்களுக்கு அபராதம் வாங்கி ஒழுங்குபடுத்தும் வழியை 1998இல் அரசே திறந்தது. வழக்குகள் நீண்டன. 2006இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் தீர்ப்பை ஒட்டிச் சில கட்டடங்களில் இடிப்பு தொடங்கியதும், அதைத் தடுக்கும் சட்டம் அடுத்த ஆண்டே வந்தது. 2011 அக்டோபர் இறுதியில் ரங்கநாதன் தெருவிலும் உஸ்மான் சாலையிலும் பல கடைகளுக்குச் சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம் பூட்டுப்போட்டு முத்திரை வைத்தது; 2012 ஜனவரியில், பொங்கல் நேரத்தில், உச்ச நீதிமன்றத்தின் இடைக்கால அனுமதியோடு அவை திறந்தன. இந்த வழக்குகள் முழுவதிலும் பேசப்பட்டது தளப்பரப்பும் போக்குவரத்து நெரிசலும் வணிகரின் நட்டமும். அந்தக் கட்டடங்களுக்குள் நாளெல்லாம் இருப்பவர்கள், சிலர் இரவிலும் அங்கேயே உறங்குபவர்கள், மிக அரிதாகவே பேச்சில் வந்தார்கள்.

இத்தனைக்கும் அதற்குமுன்பே உயிர்கள் போயிருந்தன. 2008 செப்டம்பரில் ரங்கநாதன் தெருவில் சரவணா ஸ்டோர்ஸ் கட்டடத்தில் பற்றிய தீயில் ஊழியர் இருவர் இறந்தனர். தெருவின் குறுகலே தீயணைப்பு வண்டிக்குத் தடை. 2017 மே 31 அதிகாலையில் உஸ்மான் சாலையில் ஏழு மாடி சென்னை சில்க்ஸ் கட்டடம் தீப்பற்றியது. உள்ளே தங்கியிருந்த ஊழியர்களைத் தீயணைப்புத் துறையினர் மீட்டார்கள். தீ ஒரு நாளுக்கும் மேலாக எரிந்தது. மறுநாள் கட்டடத்தின் ஒரு பகுதி சரிந்தது. எஞ்சியதை இடிக்க நேர்ந்தது. தீயில் உயிர்ச்சேதம் இல்லை என்று நகரம் ஆறுதல் கொண்டிருந்தபோது, ஜூன் மாதத்தில் இடிக்கும் பணியில் இயந்திரத்தின் மேல் இடிபாடு விழுந்து ஒரு தொழிலாளி இறந்தார். இந்த நிகழ்ச்சியைக் குறிப்பிடும்போது அந்த மரணத்தையும் சேர்த்தே குறிப்பிட வேண்டும்.

துணிக்கடைத் தீ இவ்வளவு கொடியதாவதற்குக் காரணங்கள் வெளிப்படை. செயற்கை இழை உருகி எரியும்போது கரும்புகையும் நச்சு வாயுக்களும் பெருகுகின்றன. குளிரூட்டலுக்காகச் சன்னல்கள் அடைக்கப்பட்டு, முகப்பு முழுதும் கண்ணாடியால் மூடப்பட்டிருப்பதால் புகை வெளியேற வழி இல்லை. நடுவில் திறந்தபடி மேலேறும் படிக்கட்டு வழியாகப் புகை எல்லா மாடிகளுக்கும் ஏறுகிறது. பெரும்பாலோரைக் கொல்வது சுடரைவிடப் புகையே. பண்டிகைக் காலத்தில் சரக்கு வழிகளிலும் படிகளிலும் வழிந்து நிற்க, கூட்டமும் உச்சத்தில் இருக்கும். இரவில் திருட்டுப் பயத்தால் கதவுகள் வெளியிலிருந்து பூட்டப்பட்டிருந்தால் உள்ளே உறங்குபவருக்கு வழியே இல்லை. தீயணைப்பான் சுவரில் தொங்குவது சட்டத்தைத் திருப்திப்படுத்தும். அதைக் கையாளத் தெரிந்தவர் அந்த மாடியில் இருக்கிறாரா என்பதில்தான் உயிர் இருக்கிறது.

ஊழியரின் வாழ்வு பொதுமக்கள் கவனத்துக்கு வந்ததில் ஒரு திரைப்படத்துக்குப் பங்குண்டு. வசந்தபாலன் இயக்கி, ஜெயமோகன் வசனம் எழுதிய ‘அங்காடித் தெரு’ 2010இல் வெளியானது. ரங்கநாதன் தெருக் கடையொன்றில் வேலை செய்யும் இளைஞர்களின் நெருக்கமான தங்குமிடத்தையும் உணவையும் மேற்பார்வையாளரின் வன்முறையையும் அது காட்டியது. அரசு ஆய்வறிக்கை எதுவும் அந்த அளவுக்கு மக்களைச் சென்றடையவில்லை. தங்குமிடங்களைப் பொறுத்தவரை, பெண்கள் விடுதிகளைப் பதிவு செய்து உரிமம் பெற வைக்கும் மாநிலச் சட்டம் 2014இல் வந்தது. ஆண் ஊழியர் தங்கும் அறைகளுக்கு இதற்கு இணையான சட்டம் இல்லை.

உட்காரும் உரிமைக்கான போராட்டம் கேரளத்தில் பிறந்தது. கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருவின் கடைப் பெண்களை ‘பெண்கூட்டு’ என்ற அமைப்பில் தையல்தொழிலாளியான பி. விஜி திரட்டினார். கழிப்பறை கேட்டுத் தொடங்கிய குரல் இருக்கை கேட்கும் குரலாக வளர்ந்தது. 2018இல் கேரள அரசு தன் கடைகள் சட்டத்தைத் திருத்தியது. தமிழ்நாட்டில் 2021 செப்டம்பர் 6 அன்று தொழிலாளர் நல அமைச்சர் சி.வி. கணேசன் சட்டமன்றத்தில் கொண்டுவந்த திருத்தம் நிறைவேறி, 1947ஆம் ஆண்டுச் சட்டத்தில் 22-அ என்ற பிரிவு சேர்ந்தது. எல்லாப் பணியாளருக்கும் தகுந்த இருக்கை வசதி வேண்டும், வேலையின் நடுவே வாய்ப்பு வரும்போது அவர்கள் உட்கார அது பயன்பட வேண்டும் என்பது அதன் சாரம். ஆலைத் தொழிலாளிக்குக் கிடைத்து 73 ஆண்டுகள் ஆனபின் கடை ஊழியருக்குக் கிடைத்த உரிமை இது.

இந்தப் பிரிவின் வலுக்குறைவும் அதன் சொற்களிலேயே உள்ளது. எத்தனை பேருக்கு எத்தனை இருக்கை என்ற கணக்கு இல்லை. வாய்ப்பு வந்ததா என்று முடிவு செய்பவர் அந்தந்தத் தளத்தின் சூப்பர்வைசர். ஆடித் தள்ளுபடியிலும் தீபாவளிக்கு முந்தைய வாரங்களிலும் வாடிக்கையாளர் இல்லாத நிமிடம் என்று ஒன்று வருவதே இல்லை. கால் மிகவும் வலிக்கும் நாட்களும் அவைதான். வாடிக்கையாளர் முன் ஊழியர் உட்கார்ந்திருப்பது மரியாதைக் குறைவு என்ற பழக்கம் மாறாமல் ஸ்டூல் மட்டும் வந்தால், அது மேசைக்கு அடியிலேயே கிடக்கும்.

வேலைநேரத்தைப் பொறுத்தவரை, காலம் எதிர்த்திசையில் நகர்ந்தது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கடைகள் ஆண்டு முழுதும் 24 மணி நேரமும் திறந்திருக்கலாம் என்ற அரசாணை 2019 ஜூனில் வெளியாகி, 2022இல் மீண்டும் நீட்டிக்கப்பட்டது. ஒவ்வொருவருக்கும் சுழற்சி முறையில் வாரவிடுப்பு, மிகைநேரத்தைச் சேர்த்தும் நாளுக்குப் பத்தரை மணி நேரத்துக்கு மேற்படாமை, எழுத்து மூலமான ஒப்புதலும் பாதுகாப்பும் இருந்தால் மட்டுமே பெண்களுக்கு இரவு 8 மணிக்கு மேல் வேலை என்பன அதன் நிபந்தனைகள். கடை மூடும் நேரம்தான் முன்பு ஊழியர் வீடு திரும்பும் நேரத்துக்குக் காவலாக இருந்தது. இனி அந்தக் காவல் வருகைப் பதிவேட்டில் இருக்கிறது.

சூழல் மேலாண்மையில் தி. நகருக்குச் சில தனிக் கூறுகள் உண்டு. வணிகப் பகுதிக்குப் பகலில் 65 டெசிபெல், இரவில் 55 டெசிபெல் என்பது 2000ஆம் ஆண்டின் ஒலிமாசு விதிகள் வகுத்த எல்லை. சென்னையில் ஒலியைத் தொடர்ந்து அளக்கும் நிலையங்களில் ஒன்று தி. நகரில் இருக்கிறது. அது அளப்பது தெருவின் ஒலியை. கடைவாசலில் ஒலிபெருக்கியில் அழைப்பவரின் காதை எட்டும் ஒலி அதில் பதிவாவதில்லை. 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருள்களுக்கு மாநிலத்தில் தடை வந்தபின் கடைகள் துணிப்பைக்கும் காகிதப்பைக்கும் மாறின. 2020 மார்ச்சில் கொரோனாப் பரவலின்போது, நாடளாவிய ஊரடங்குக்கு முன்பே தி. நகரின் பெரிய கடைகளை மாநகராட்சி மூடச் செய்தது. கூட்டத்தில் நாள் முழுதும் நிற்பவரின் ஆபத்து, ஒரு மணி நேரம் வந்துபோகிறவரின் ஆபத்தைவிட மிகுதி என்பதும் அப்போது புலப்பட்டது.

பணியிடப் பாதுகாப்பு, சுகாதாரம், பணிநிலைமைகள் தொகுப்புச் சட்டம் நாடாளுமன்றத்தில் 2020இல் நிறைவேறி, 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தது. தொழிற்சாலைகள் சட்டம் உள்ளிட்ட பல சட்டங்களை ஒன்றாக்கிய இத்தொகுப்பு, பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்களைத் தழுவுகிறது. நின்று வேலை செய்வோருக்கான இருக்கையும் அதன் நல ஏற்பாடுகளில் ஒன்று. மாநிலத்தின் 1947ஆம் ஆண்டுச் சட்டத்தை அது நீக்கவில்லை. எனவே தி. நகரின் பெரிய கடைகளுக்கு இப்போது இரண்டு சட்டங்களும் பொருந்துகின்றன. பத்துக்கும் குறைவானோர் வேலை செய்யும் சிறு கடைகளின் ஊழியர்களுக்குப் பழைய மாநிலச் சட்டமும் 22-அ பிரிவுமே பாதுகாப்பு.