உளி தொட்ட உலகம் – 17: பெயர் மாறிப் பிழைத்த குதிரைவீரர்

ரோம் நகரின் ஏழு குன்றுகளில் மிகச் சிறியது காபிடோலின். அதன் மேலே போக மைக்கேலாஞ்சலோ வடிவமைத்த அகலமான சரிவுப் படிக்கட்டு இருக்கிறது. மூச்சு வாங்காமல் ஏறிவிடலாம். மேலே சென்றதும் ஒரு சதுக்கம். அதன் நடுவில், வலது கையை நீட்டியபடி குதிரைமேல் ஒரு பேரரசர். வருகிறவர்கள் எல்லோரும் முதலில் அவர் முன்னால் நின்றுதான் படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

அது நகல். அசல் உள்ளே இருக்கிறது. அசல் சிலை இன்றுவரை பிழைத்துக் கிடப்பதற்குக் காரணம், அது யாருடைய சிலை என்பதை மக்கள் தவறாகப் புரிந்துகொண்டதுதான்.

சதுக்கத்தின் இருபுறமும் உள்ள மாளிகைகளே காபிடோலின் அருங்காட்சியகம். 1471இல் நான்காம் சிக்ஸ்டஸ் என்ற போப்பாண்டவர், தம் வசம் இருந்த பழைய வெண்கலச் சிலைகளை ரோம் மக்களுக்குக் கொடுத்தார். காலில் தைத்த முள்ளை எடுக்கும் சிறுவனும், புகழ்பெற்ற பெண் ஓநாயும் அப்படி இங்கே வந்தவைதான். 1734இல் பொதுமக்களுக்குக் கதவு திறந்தது. உலகின் மிகப் பழைய பொது அருங்காட்சியகம் என்று இதைச் சொல்வதுண்டு.

இருபத்திரண்டில் ஒன்று

2005இல் திறக்கப்பட்ட கண்ணாடிக் கூரைக் கூடத்தில் அசல் குதிரைவீரரைப் பார்க்கலாம். உயரம் 4 மீட்டருக்கும் மேல். ஒரு காலத்தில் சிலை முழுக்கத் தங்கமுலாம் பூசியிருந்தது. இப்போது அங்கங்கே திட்டுத் திட்டாகத்தான் மின்னுகிறது. அங்கவடி இல்லாமல் கால்கள் தொங்குகின்றன. ரோமானியர்கள் அங்கவடியை அறியாதவர்கள். குதிரையின் காதுகளுக்கு நடுவே நிற்கும் மயிர்க்கொத்து ஆந்தைபோலத் தெரிகிறது. உதிர்ந்த தங்கம் முழுவதும் என்றைக்குத் திரும்பி வருகிறதோ அன்றைக்கு அந்த ஆந்தை கூவும், உலகம் அழியும் என்பது ரோம் நகரத்துப் பாட்டிக்கதை.

4ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்ட நகரப் பட்டியல் ஒன்று, ரோமில் 22 பெரிய குதிரைச் சிலைகள் இருந்ததாகக் கணக்குச் சொல்கிறது. மற்றவை எங்கே போயின? வெண்கலச் சிலைக்கு உலைதான் எமன். பேரரசு சரிந்ததும் உலோகத்துக்குத் தட்டுப்பாடு வந்தது. பழைய தெய்வங்களும் மன்னர்களும் வெறும் உலோகமாகத் தெரிந்தார்கள், உருக்கினார்கள். பளிங்குச் சிலைகளும் தப்பவில்லை. சூளையில் போட்டுச் சுண்ணாம்பாக்கினார்கள்.

இந்த ஒருவர் மட்டும் தப்பினார். ஏனென்றால் இவரை கான்ஸ்டன்டைன் என்று நம்பினார்கள். கிறிஸ்தவத்தைத் தழுவிய முதல் ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன். அவர் சிலைமேல் யார் கை வைப்பார்கள்? போப்பாண்டவரின் லாத்தரன் அரண்மனை அருகே, ‘கான்ஸ்டன்டைனின் குதிரை’ என்ற பெயரோடு சிலை பத்திரமாக நின்றது.

உண்மையில் அவர் மார்க்கஸ் அரேலியஸ். 161 முதல் 180 வரை ஆண்டவர், தத்துவ நூல் எழுதியவர், பழைய ரோமத் தெய்வங்களை வணங்கியவர். 177இல் லியோன் நகரில் கிறிஸ்தவர்கள் கொல்லப்பட்டது இவருடைய ஆட்சியில்தான். பெயர் தெரிந்திருந்தால் குதிரையோடு சேர்ந்து அவரும் உலைக்குப் போயிருப்பார். மறுமலர்ச்சிக் காலத்து அறிஞர்கள் உண்மையை அறிந்தபோது பழையதை உருக்கும் காலம் போய், போற்றும் காலம் வந்திருந்தது. 1538இல் போப்பாண்டவர் மூன்றாம் பவுல் சிலையை இந்தக் குன்றுக்குக் கொண்டுவந்தார். மழையும் புகையும் அரித்ததால் 1981இல் பீடத்திலிருந்து இறக்கிச் செப்பனிட்டார்கள். அதற்குப் பிறகு அது வெளியே போகவே இல்லை.

மகன் கேட்ட பெயர்

அதே மாளிகையில் மார்க்கஸ் அரேலியஸின் மகன் கொமொடஸும் இருக்கிறார். தலையில் சிங்கத் தோல், தோளில் கதை. தன்னை ஹெர்குலிஸின் மறுவடிவம் என்று சொல்லிக்கொண்டவர். அவருக்குப் பெயர்ப் பைத்தியம் பிடித்திருந்தது. பன்னிரண்டு மாதங்களுக்கும் தன் பெயர்களையும் பட்டங்களையும் சூட்டினார். ரோம் நகரையே தன் பெயரால் அழைக்கச் சொன்னார். 192ஆம் ஆண்டின் கடைசி நாளில் அவர் கொல்லப்பட்டதும், கல்வெட்டுகளிலிருந்து அவர் பெயரைச் செதுக்கி எடுக்க ஆணையிட்டது செனட் சபை. இந்தச் சிலை மண்ணுக்குள் கிடந்து, 1874இல்தான் வெளியே வந்தது. தந்தை இன்னொருவர் பெயரில் நின்று பிழைத்தார். ஊருக்கே தன் பெயரைக் கேட்ட மகன் புதைந்து கிடந்து பிழைத்தார்.

யாருடைய முகம்?

முற்றத்துக்கு வந்தால் நிஜ கான்ஸ்டன்டைன் துண்டு துண்டாக நிற்கிறார். தலை மட்டும் இரண்டரை மீட்டர் உயரம். பக்கத்தில் பாதம், முழங்கால், விரல் உயர்த்திய கை. 1486இல் ரோமன் ஃபோரம் அருகே, மாக்சென்டியஸ் கட்டத் தொடங்கிய மாபெரும் மண்டபத்தில் கிடைத்தவை இவை. உட்கார்ந்த கோலச் சிலை. ஆடைக்கு வெளியே தெரியும் உறுப்புகள் மட்டும் பளிங்கு. 2024இல் அந்தச் சிலையை 13 மீட்டர் உயரத்தில் மறுபடி உருவாக்கிப் பக்கத்துத் தோட்டத்தில் நிறுத்தினார்கள். அண்ணாந்து பார்த்தால்தான் ரோமப் பேரரசரின் முன்னால் ஒரு குடிமகன் எவ்வளவு சிறியவன் என்பது புரியும்.

ஆனால் அந்த முகத்தை உற்றுப் பார்த்த ஆய்வாளர்கள் மோவாயின் அடியில் பழைய தாடியின் சுவடுகளைக் கண்டார்கள். கான்ஸ்டன்டைன் தாடி வைக்காதவர். ஆக, அது முன்பு வேறொருவரின் தலை. அதையே உளியால் திருத்தி இவர் முகமாக்கியிருக்கிறார்கள். முதல் சொந்தக்காரர் பழைய பேரரசர் ஹேட்ரியனா, கான்ஸ்டன்டைன் 312இல் போரில் வீழ்த்திய மாக்சென்டியஸா என்ற விவாதம் நீள்கிறது. வேறொருவரின் சிலையைத் தன் பெயரால் காப்பாற்றிய கான்ஸ்டன்டைன், தனக்கு வேறொருவரின் தலையை எடுத்துக்கொண்டிருக்கிறார்!

இப்படிச் சந்தேகப்படத் தொடங்கினால் ஒவ்வொரு கூடத்திலும் பெயர்ப்பலகை ஆட்டம் காண்கிறது. சாய்ந்து விழும் பளிங்கு வீரனை நெடுங்காலம் கிளாடியேட்டர் என்றார்கள். கவிஞர் பைரனும் அப்படியே நம்பி எழுதினார். கழுத்தில் முறுக்கிய வளையம், மேலுதட்டில் மீசை, கற்றை கற்றையாக நிற்கும் முடி ஆகியவற்றைக் கொண்டு அவன் ‘கால்’ (Gaul) என்ற இனத்துப் போர்வீரன் என்று பிறகு உணர்ந்தார்கள். சின்ன ஆசியாவின் பெர்கமோன் மன்னர் முதலாம் அட்டாலஸ், தாம் வென்ற எதிரிக்கு எழுப்பிய கிரேக்கச் சிற்பம் ஒன்றின் ரோமானிய நகல் இது. விலாவில் காயம், தரையில் ஊன்றிய கை, கீழே கவிழ்ந்த பார்வை. தோற்றவனின் வலியை வென்றவன் செலவில் இவ்வளவு கண்ணியமாகச் செதுக்கிய இன்னொரு சிற்பம் எளிதில் நினைவுக்கு வராது. 1797இல் நெப்போலியன் இதைப் பாரிஸுக்கு அள்ளிச் சென்றார். 1816இல் திரும்பி வந்தது.

ரோம் நகரின் சின்னமான ஓநாய்க்கும் இதே கதிதான். ரோமின் புராண இரட்டையர்களான ரோமுலஸுக்கும் ரெமுஸுக்கும் பாலூட்டிய அந்த ஓநாயை, பழைய இத்தாலிய இனத்தவரான எத்ருஸ்கர்களின் கி.மு. 5ஆம் நூற்றாண்டுப் படைப்பு என்றுதான் பாடப்புத்தகங்கள் சொல்லிவந்தன. அடியில் இருக்கும் குழந்தைகள் 15ஆம் நூற்றாண்டில் சேர்க்கப்பட்டவை என்பது முன்பே தெரியும். 1997இல் ஓநாயைச் செப்பனிட்ட நிபுணர், அது ஒரே வார்ப்பாக இருப்பதைக் கவனித்தார். பழங்காலத்தில் பெரிய வெண்கலச் சிலைகளைப் பகுதி பகுதியாக வார்த்து இணைப்பதே வழக்கம். வார்ப்பு மண்ணில் எஞ்சியிருந்த கரிமப் பொருளைச் சோதித்தபோது 11, 12ஆம் நூற்றாண்டு என்று விடை வந்தது. இதை ஏற்காத அறிஞர்களும் இருக்கிறார்கள்.

பெயரும் எடையும்

பேரரசர்கள் அறையில் அறுபதுக்கும் மேற்பட்ட மார்பளவுச் சிலைகள் வரிசையாக நிற்கின்றன. பெயர் பொறிக்காத தலைகளை இன்னார் என்று எப்படிச் சொல்கிறார்கள்? பெரும்பாலும் நாணயத்தை வைத்துத்தான். பேரரசரின் பக்கவாட்டு முகமும் சுற்றிலும் அவர் பெயரும் அதில் இருக்கும். சிலையின் மூக்கையும் மோவாயையும் காசோடு ஒப்பிட்டுத்தான் அடையாளம் கண்டார்கள்.

அந்த முகங்கள் நம் ஊருக்கும் வந்தவை. டைபீரியஸின் வெள்ளிக் காசுகள் கொங்கு மண்ணில் குவியல் குவியலாகக் கிடைத்திருக்கின்றன. 1898இல் புதுக்கோட்டைப் பகுதியில் கிடைத்த புதையலில் இருந்தவை 501 ரோமத் தங்கக் காசுகள். அவற்றில் பெரும்பாலானவற்றில் மன்னர் முகத்தின் குறுக்கே உளியால் ஒரு வெட்டு! பகையால் வெட்டியதாகத் தெரியவில்லை. காசாக மறுபடி செல்லாமல், எடைக்கு எடை தங்கமாகவே கைமாற வேண்டும் என்பதற்கான வெட்டு என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். ரோமில் ஒருவரின் முகத்தை இன்னொருவருடையதாக்கிய உளி, இங்கே யார் முகமாக இருந்தால் என்ன என்று கேட்டிருக்கிறது.

அதை எண்ணிக்கொண்டே மறுபடி குதிரைவீரரிடம் வருகிறேன். உலைக்காரன் கண்ணில் இவரும் எடை மட்டும்தான். அந்த எடைக்கும் நெருப்புக்கும் நடுவே பல நூறு ஆண்டுகள் காவல் நின்றது, அவருக்குச் சொந்தமில்லாத ஒரு பெயர். நீட்டிய கை இன்னும் இறங்கவில்லை. அந்தக் கையில் தங்கம் கொஞ்சம் ஒட்டியிருக்கிறது. ஆந்தை கூவும் அளவுக்கு இல்லை.

(அடுத்த வாரம்: 1997இல் இந்த அருங்காட்சியகத்தில் இடம் போதாமல், ரோமின் பழைய மின்நிலையத்துக்குக் குடிபோன தெய்வங்கள்.)