அடைபட்ட வழியைத் திறந்தவர்கள்

திடீரென ஒரு கண்ணில் பொறுக்கவொண்ணா வலி. உடன் தலைநோவும் வாந்தியும். விளக்கைச் சுற்றி வானவில் வளையம். இவ்வாறு துன்புற்றோர் பலர் முற்காலத்தில் சில நாள்களிலேயே பார்வையை இழந்தனர். கோணம் அடைபடுவதால் வரும் இக்கண் அழுத்த நோய்க்கு 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை பயன்தரும் மருத்துவம் இருந்ததில்லை.

அவ்விருளில் முதல் விளக்கை ஏற்றியவர் பெர்லின் நகர மருத்துவர் ஆல்பிரெக்ட் ஃபொன் கிரேஃபெ. கண்மணியைச் சூழ்ந்த நிறத்திரையில் ஒரு சிறு பகுதியை வெட்டி நீக்கினால் அழுத்தம் தணிகிறது என்று 1857இல் அவர் அறிவித்தார். பலருடைய பார்வை காக்கப்பட்டது. ஆனால், அது ஏன் பயன் தருகிறது என்பதை அவரால் தெளிவுற விளக்க இயலவில்லை. விடை காணாமலே 1870இல், தம் 42ஆம் வயதில் அவர் மறைந்தார்.

விடை 1920இல் அமெரிக்க மருத்துவர் எட்வர்ட் கரனிடமிருந்து வந்தது. கண்ணுள் சுரக்கும் நீர் கண்மணியின் வழியே முன்புறம் வருகிறது. வில்லை நெருங்கி அவ்வழியை மறிக்கும்போது, பின்னே தேங்கும் நீர் நிறத்திரையை முன்தள்ள, நீர் வெளியேறும் கோணம் அடைபடுகிறது. எனவே திரையின் ஓரத்தில் ஒரு சிறு துளையே போதும் என்றார் அவர். 1938இல் ஒட்டோ பார்கன், கோணத்தைக் கருவியால் நேரில் நோக்கி, குறுகிய கோணத்தினரையும் அகன்ற கோணத்தினரையும் பிரித்துக் காட்டினார். ஒரே அறுவை சிலருக்குப் பயன்பட்டுப் பிறருக்குப் பயன்படாமற்போன புதிர் அவிழ்ந்தது.

1980களில் அத்துளையைக் கத்தியின்றி லேசர் ஒளியே இட்டது. கோணம் ஒட்டிப்போன கண்களுக்கு, 1968இல் கெய்ன்ஸ் விளக்கிய அறுவை புதிய வடிகால் அமைத்தது. 419 நோயாளரைக் கொண்டு 2016இல் வெளியான ஆய்வோ, தக்கவர்களுக்குக் கண் வில்லையையே அகற்றிச் செயற்கை வில்லை பொருத்துவது லேசரினும் நலம் தருவதைக் காட்டிற்று. மாறாக, குவாங்சோ நகரில் 889 பேரிடம் நடந்து 2019இல் வெளியான ஆய்வு, குறுகிய கோணமுடைய அனைவருக்கும் முன்கூட்டியே துளையிட வேண்டியதில்லை என உணர்த்திற்று.

முழுதும் அறியாத நிலையிலும் ஒரு கரம் நன்மை செய்தது, பின்வந்தோர் ‘ஏன்?’ என்று வினவியதால் அந்நன்மை வளர்ந்தது. எனினும், நரம்பு பட்டுப்போனபின் இழந்த பார்வையை இவற்றுள் எதுவும் மீட்பதில்லை. ஆகவே, கண்வலியோடு வாந்தியும் வருமாயின், பித்தத் தலைவலி என்றெண்ணி நம் முதியோரை வீட்டில் படுக்கவைத்துக் காத்திராமல், அன்றே கண் மருத்துவரிடம் அழைத்துச் செல்வோம்.