கிளாவரைப் பூண்டும் நுண்ணுயிரியலும்

பழனி மலைத்தொடரின் மேற்கு ஓரத்தில், கேரளத்து வட்டவடைக்கு அண்மையில் இருக்கிறது கிளாவரை. கொடைக்கானலிலிருந்து பூம்பாறையும் மன்னவனூரும் கடந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் சென்றால் இவ்வூரை அடையலாம். சரிவு நிலங்களில் இவ்வூராரும் அண்டை ஊராரும் விளைவிக்கும் பூண்டு, மலைப்பூண்டு என்ற பெயரில் தமிழகமெங்கும் விலை போகிறது. இப்பூண்டின் வரலாற்றை எழுதப் புகுவோர் திருக்குர்ஆன் விரிவுரைகளில் தொடங்கிப் பல்கலைக்கழக ஆய்வகத்தில் வந்து நிற்க வேண்டியிருக்கிறது.

மூஸா (அலை) அவர்களிடம் இஸ்ரவேலர் கேட்ட உணவுப் பொருள்களுள் ‘ஃபூம்’ என்பதும் ஒன்று. அல்பகரா அத்தியாயத்தின் 61ஆம் வசனத்தில் வரும் இச்சொல்லுக்குக் கோதுமை என்று பொருள் கொண்ட விரிவுரையாளரும் உளர். பூண்டு என்று கொண்டாரும் உளர். பூண்டு தின்றவர் அவ்வாடையுடன் பள்ளிவாசலுக்கு வர வேண்டாம் என்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் கூறியதை நாமனைவரும் அறிவோம். உண்ண விரும்புவோர் சமைத்து அதன் வாடையைப் போக்கிக்கொள்ளட்டும் என்று கலீஃபா உமர் (ரலி) அவர்கள் எடுத்துரைத்த செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது.

1944ஆம் ஆண்டு அமெரிக்க ஆய்வாளர்களான காவலிட்டோவும் பெய்லியும் பூண்டிலிருந்து அல்லிசின் என்ற கந்தகச் சேர்மத்தைப் பிரித்தெடுத்து, அது பாக்டீரியாக்களின் வளர்ச்சியைத் தடுப்பதைக் காட்டினர். முழுப் பூண்டுப் பல்லில் அல்லிசின் இருப்பதில்லை என்பதுதான் வியப்பு. அல்லின் என்ற பொருளும் அல்லினேஸ் என்ற நொதியும் அதனுள் தனித்தனி அறைகளில் ஒதுங்கியிருக்கின்றன. பல்லை நசுக்கும்போது இரண்டும் கலக்கின்றன. அல்லிசின் பிறக்கிறது, கூடவே காரமான வாடையும் பிறக்கிறது. நசுக்குமுன் வேகவைத்துவிட்டால் நொதி செயலிழந்துவிடும். பிறகு அந்த வாடை எழ வழியில்லை. புதிய கண்டுபிடிப்பு எது வந்தாலும் அதை வேதத்தில் தேடி எடுத்துக் காட்டும் கூட்டத்தில் நாம் இல்லை. அடுப்படி அறிவு எவ்வளவு துல்லியமாக இருந்தது என்பதை மட்டும் குறித்துக்கொள்கிறோம்.

தமிழகத்தில் நுண்ணுயிரியல் முதலில் அரசின் மருந்துக்கூடங்களிலேயே வேரூன்றியது. 1899இல் கிண்டியில் கிங் நிலையம் தோன்றியது; 1907இல் குன்னூரில் பாஸ்டர் நிலையம் திறக்கப்பட்டது. அம்மைப்பால் தயாரிப்பதும் வெறிநாய்க்கடிக்கு ஊசி போடுவதும் அவற்றின் கவலை. பல்கலைக்கழகங்களில் இது தனிப் பாடமாகப் பரவியது வெகு பிந்தித்தான். 1984இல் கொடைக்கானலில் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டபோது மலையுச்சியிலேயே பெண்களுக்கான உயர்கல்வி நிலையம் ஒன்று உருவாயிற்று. பிற்காலத்தில் அதன் உயிரித் தொழில்நுட்பவியல் துறை முன்னின்று முயன்றதன் பயனாக, 2019இல் கொடைக்கானல் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. நுண்ணுயிரை எதிர்க்கும் அதன் ஆற்றலும் நெடுநாள் கெடாதிருக்கும் இயல்பும் அதன் தனிச்சிறப்புகளாக எடுத்துக் காட்டப்பட்டன. எல்லைக்கு அப்பால், காந்தளூர் வட்டவடைப் பூண்டு 2022இல் தனிக் குறியீடு பெற்றது. மலை ஒன்றுதான், மாநிலம் இரண்டு.

பூண்டின் எதிர்ப்பாற்றலை மாணவியருக்குக் காட்டும் சோதனை எளிமையானது. அகர்த் தட்டில் பாக்டீரியாவைப் பரப்பி, பூண்டுச் சாற்றில் நனைத்த சிறு காகித வட்டத்தை நடுவில் வைப்பார்கள். மறுநாள் அதைச் சுற்றித் தெளிந்த வளையம் ஒன்று தோன்றும். அந்த வளையத்தின் விட்டத்தை மில்லிமீட்டரில் அளந்தே எத்தனையோ ஆய்வேடுகள் எழுதப்பட்டுவிட்டன. கற்பிப்பதற்கு இது நல்ல பாடம். ஆனால் இத்துடன் நின்றுவிடுவது நமக்கு உவப்பாக இல்லை. அல்லிசின் நிலையற்ற பொருள். உடலுக்குள் சென்றதும் விரைவில் சிதைந்துவிடுகிறது. தட்டில் மாண்ட கிருமி நோயாளியின் உடலிலும் மாளும் என்பதற்கு அவ்வளையம் சான்றாகாது. பூண்டு எந்நோயையும் தீர்க்கும் என்று கடைவீதியில் கூவுவோருக்குப் பல்கலைக்கழகம் துணைபோகலாகாது.

பூண்டு கிருமிகளை என்ன செய்கிறது என்று ஆய்வகம் கேட்கிறது. கிருமிகள் பூண்டை என்ன செய்கின்றன என்பதல்லவா விவசாயியின் கேள்வி? பூண்டுக்கு விதை இல்லை; பல்லையே நடவேண்டும். ஆகவே சென்ற ஆண்டின் நச்சுயிரியும் பூசணமும் இவ்வாண்டு வயலுக்குக் கூடவே வந்துவிடுகின்றன. பூண்டு விளையும் நாடுகள் பலவற்றிலும் அஞ்சப்படும் வெள்ளை அழுகல் நோயை எடுத்துக்கொள்வோம். அதன் பூசணம் கடுகினும் சிறிய கரிய உருண்டைகளாகி, பயிரே இல்லாவிட்டாலும் மண்ணில் 20 ஆண்டுகள்கூட உறங்கிக் கிடக்க வல்லது. அதை எழுப்புவது எது? பூண்டு வேர் கசியவிடும் கந்தகப் பொருள்களை மண்வாழ் பாக்டீரியாக்கள் சிதைக்கும்போது எழும் வாடைதான்! பிற கிருமிகளை விரட்டும் பூண்டின் கந்தகமே இப்பகைவனை வாசலுக்கு அழைக்கிறது. இதை அறிந்த ஆய்வாளர்கள், பயிரில்லாத வயலில் பூண்டின் வாடைப்பொருளை மண்ணில் செலுத்தி, உருண்டைகளை ஏமாற்றி முளைக்கச் செய்து, உணவின்றி அவை மடியும் முறையையும் கண்டிருக்கிறார்கள்.

பாஸ்டர் 1865 முதல் ஐந்தாண்டுக் காலம் தென் பிரான்சின் அலேஸ் பகுதிக்குச் சென்று, பட்டுப்புழு வளர்ப்போரின் கூடங்களிலேயே நோயை ஆராய்ந்தார். நோயற்ற முட்டையைத் தெரிந்தெடுக்கும் முறையை அவர்களுக்குக் கற்றுக்கொடுத்த பின்பே அப்பணியை விட்டார். கிளாவரைக்கும் நோயற்ற விதைப்பூண்டு வேண்டும். இம்மலையூர்களில் அறுவடையான பூண்டைக் கட்டுக்கட்டாகத் தொங்கவிட்டுப் புகைமூட்டம் போட்டு மாதக்கணக்கில் காப்பார்கள். அப்புகை எந்தப் பூசணத்தைத் தடுக்கிறது, எதைத் தடுக்காமல் விடுகிறது, எத்தனை நாள் புகை போதும் என்பன அகர்த் தட்டிலேயே விடை காணக்கூடிய கேள்விகள். அம்மலையூர்ப் பெண் ஒருத்தி இவற்றை ஆய்வேட்டுக்கு எடுத்துக்கொண்டால், மாதிரி தேடி அவள் வெகுதூரம் அலைய வேண்டியதில்லை. வீட்டுக் கூரைக்கடியிலேயே அது தொங்குகிறது.