லாராவின் எட்டு நாட்கள்

நம் கணபதிப் பக்கம் ஒரு பிள்ளையை ஆஸ்பத்திரியில் சேர்த்தால் கட்டிலில் அம்மா, கீழே பாயில் தூக்குப்போசியோடு அம்மிச்சி. இதில் என்ன அதிசயம் என்று கேட்பீர்கள். இந்தச் சாதாரண விஷயத்துக்காக இங்கிலாந்தில் ஒரு சினிமா எடுக்க வேண்டியிருந்ததுங்க!

1950 வாக்கில் அங்கே பல ஆஸ்பத்திரிகளில் பெற்றோருக்கு ஞாயிறு மட்டுமே அனுமதி. ‘அம்மா வந்தால் குழந்தை அழும், வராவிட்டால் சமர்த்தாக இருக்கும்’ என்பது அன்றைய நியாயம். லண்டன் டாவிஸ்டாக் கிளினிக்கில் ஜான் பௌல்பியுடன் பணியாற்றிய ஜேம்ஸ் ராபர்ட்சன், “அது சமர்த்து அல்ல, மனம் விட்டுப்போனதன் அடையாளம்” என்ற கருத்தை முன்வைத்தார். சொன்னால் யார் நம்புவார்கள்? கேமராவைக் கையில் எடுத்தார்.

படமெடுத்துப் பழக்கமில்லாதவர், ஆனால் முறை கெட்டி. காத்திருப்போர் பட்டியலில் குத்துமதிப்பாக ஒரு குழந்தையைப் பொறுக்கினார். தினமும் குறித்த நேரங்களில் மட்டும் படம்பிடித்தார்; கடிகாரமும் படத்தில் தெரியும். ‘வேண்டியதை மட்டும் எடுத்தாய்’ என்று யாரும் சொல்லக்கூடாதல்லவா?

அந்தக் குழந்தைதான் லாரா. வயது 2 வருடம் 5 மாதம். தொப்புள் குடலிறக்க ஆபரேஷன். எட்டு நாள் வாசம். அதிகம் அழவில்லை. கரடிப் பொம்மையை அணைத்துக்கொண்டு அழுகையை விழுங்கினாள். வீடு திரும்பும்போது தாயின் கையைப் பிடிக்க மறுத்துவிட்டாள்.

1952-ல் ராயல் சொசைட்டி ஆஃப் மெடிசினில் படம் திரையிடப்பட்டபோது கடும் எதிர்ப்பு. ஆனாலும் 1959-ல் வந்த பிளாட் அறிக்கை, பெற்றோர் தடையின்றி வந்து பார்க்கவும், சிறு குழந்தையுடன் தாய் தங்கவும் பரிந்துரைத்தது.

இதை நான் எழுதக் காரணம் உண்டு. நம்மிடம் வழக்கம் இருந்தது, பதிவு இல்லை. ரவுண்ட்ஸ் வந்தால் அம்மிச்சி வெறும் ‘கூட்டம்’ ஆகிவிடுகிறார். அவர் கஞ்சி ஊட்டியதும், டிரிப் ஏறும் கையை விடிய விடியப் பிடித்துக்கொண்டதும் எந்தக் கேஸ் ஷீட்டிலும் ஏறுவதில்லை. நோயுற்ற பச்சிளங்குழந்தைப் பராமரிப்பில் குடும்பத்தாரைப் பழக்கிச் சேர்த்துக்கொள்ள மத்திய சுகாதார அமைச்சகம் வழிகாட்டு நெறிகள் வெளியிட்டதே 2017-ல்தான்.

இன்று படிக்கும் தம்பி தங்கைகளே, உங்கள் பிராஜெக்டுக்கு இது நல்ல விஷயம். பெற்றோரின் சம்மதம் பெற்று, பிள்ளையின் முகம் வெளியே தெரியாமல், அந்தக் கைகளைப் படமெடுங்கள். பிள்ளையிடம் ஒரு தாளும் பென்சிலும் கொடுத்து வார்டை வரையச் சொல்லுங்கள். கட்டில் பக்கத்தில் யாரை வரைகிறது என்று பாருங்கள். ராபர்ட்சன் மாதிரி நேரத்தையும் குறித்து வையுங்கள். நம் அம்மிச்சிமார் செய்வதும் நர்சிங்தான் என்று ஏட்டில் ஏறட்டும்.